நூல் பிடிப்பவர்கள்

2008இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் ஒரு சோதனைக் குழாய் வருகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நினா ஃபெடரோஃப் குழுவினர் செய்த சோதனை அது. குழாயில் ஒரு புரதமும், அது வெட்ட வேண்டிய ஆர்.என்.ஏ. இழையும் மட்டும் இருக்கின்றன. புரதத்தின் பெயர் டைசர்-லைக் 1, சுருக்கமாக டிசிஎல்1. அராபிடாப்சிஸ் என்ற, கடுகுக் குடும்பத்துச் சிறு களையிலிருந்து வந்தது. வெட்டு என்றால் வெட்டியது. ஆர்.என்.ஏ.வின் ஒவ்வோர் அலகையும் ஓர் எழுத்தாகக் கொண்டால், 21 எழுத்து நீளத் துண்டுகள் விழுந்தன. ஆனால் அவற்றில் செடிக்கு வேண்டிய துண்டு கொஞ்சம்தான். நீளம் சரியாக இருந்தது, வெட்டிய இடம்தான் தவறியிருந்தது.

பிறகு அதே குழாயில் இன்னும் இரண்டு புரதங்களைச் சேர்த்தார்கள். இரண்டுக்கும் வெட்டும் திறன் கிடையாது. ஒன்று எச்ஒய்எல்1, மற்றது செர்ரேட். அவை வந்ததும் வெட்டு வேகமெடுத்தது, வேண்டிய இடத்திலும் விழத் தொடங்கியது.

செய்தித்தாள்களின் அறிவியல் பக்கங்கள் இந்த வகைப் புரதங்களை 'மூலக்கூறு கத்தரிக்கோல்' என்று சொல்லி முடித்துக்கொள்ளும். கத்தரிக்கோல் என்று சொன்னால் படம் மனத்தில் சட்டென விழுந்துவிடுகிறது, வேறு எதையும் கேட்கத் தோன்றுவதில்லை. அந்தச் சோதனைக் குழாயோ கேட்கச் சொல்கிறது. வெட்டும் திறன் ஒரு புரதத்திடமும், எங்கே வெட்டுவது என்ற தெளிவு வெட்டத் தெரியாத வேறு இரண்டிடமும் இருக்குமானால், துல்லியம் என்பது யாருடைய சொத்து? மரம் அறுக்குமுன் தச்சர் சாயம் தோய்த்த நூலை இழுத்துப் பிடித்து ஒரு தட்டுத் தட்டுவார். பலகையில் கோடு விழும். வாள் அந்தக் கோட்டில் போகும். அந்த நூலின் மறுமுனையைப் பிடித்து நிற்கும் ஆளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் என்ன வெட்டப்படுகிறது என்று பார்த்துவிடலாம். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டு, ஏறத்தாழ 21 எழுத்து. அதிலிருந்து எந்தப் புரதமும் உருவாவதில்லை. புரதம் செய்வதற்கான குறிப்பை ஏந்திச் செல்லும் செய்தி ஆர்.என்.ஏ.க்களில், தன் எழுத்துகளோடு இணைசேரக்கூடியவற்றைத் தேடி அடக்கிவைப்பதே அதன் வேலை. 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோரின் ஆய்வகங்கள் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டன. அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு 2024இல் வந்தது. தாவரங்களிலும் இவை உண்டு என்பது 2002இல்தான் தெரிந்தது. விலங்குகளில் பெரும்பாலும் இவை அரைகுறையாகப் பொருந்தி, புரதம் உருவாவதைத் தணித்துவைக்கின்றன. தாவரங்களில் ஏறத்தாழ முழுமையாகப் பொருந்துகின்றன, இலக்கான செய்தியை நடுவிலேயே துண்டித்தும் விடுகின்றன.

ஒவ்வொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் முதலில் ஒரு நீண்ட இழையாகப் பிறக்கிறது. இழை தன்மேல் தானே மடிந்து கொண்டை ஊசி போல நிற்கும். ஊசியின் இரு கால்களும் எழுத்துக்கு எழுத்து ஒட்டியிருக்கும், அங்கங்கே ஒட்டாமல் புடைத்தும் இருக்கும். அந்தக் காலின் ஏதோ ஓரிடத்தில் புதைந்திருக்கும் 21 எழுத்தைப் பெயர்த்தெடுக்க வேண்டும். விலங்கு செல் இதை இரண்டு கட்டமாகச் செய்கிறது. உட்கருவுக்குள் ட்ரோஷா என்ற நொதி முதல் வெட்டு, வெளியே சைட்டோபிளாசத்தில் டைசர் இரண்டாம் வெட்டு. தாவரத்தில் ட்ரோஷா இல்லை. எல்லா வெட்டுகளையும் உட்கருவுக்குள்ளேயே டிசிஎல்1 ஒன்றே முடித்துவிடுகிறது.

இங்கேதான் சிக்கல். விலங்குகளின் கொண்டை ஊசிகள் ஒரே அச்சில் வார்த்தவை போல ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கின்றன. தாவரங்களில் அந்த ஒழுங்கு இல்லை. சில குட்டையானவை, சில பல நூறு எழுத்து நீளம். சில கிளைவிட்டு நிற்கும். இத்தனை விதமான மடிப்புகளில் எங்கே அளவெடுப்பது? 2010இல் மூன்று குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஒரு விடையைச் சொன்னன. பல ஊசிகளில், காலின் அடியில் ஒட்டாத இடம் ஒன்றிலிருந்து சுமார் 15 எழுத்து மேலே முதல் வெட்டு விழுகிறது. அங்கிருந்து 21 எழுத்து தள்ளி அடுத்தது. நல்ல விதிதான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் ஹாவியர் பலாத்னிக் குழுவினர் இதற்கு அடங்காத இரண்டைக் காட்டியிருந்தார்கள். மிர்319, மிர்159 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் இரண்டிலும் வெட்டு மேலே வளைவிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி, படிப்படியாக இறங்கி வருகிறது. ஒரே வாள், ஒரு மரத்தை அடியிலிருந்தும் இன்னொன்றை நுனியிலிருந்தும் அறுக்கிறது.

ஓர் எழுத்து தள்ளி வெட்டினால்தான் என்ன குடிமுழுகிவிடும்? நிறையவே. வெட்டி எடுத்த துண்டை ஏந்திக்கொண்டு இலக்கைத் தேடிப் போவது ஆர்கோனாட் என்ற புரதக் குடும்பம். தாவரத்தில் எந்த ஆர்கோனாட் எந்தத் துண்டை எடுத்துக்கொள்ளும் என்பதில் துண்டின் முதல் எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் எழுத்து யு என்றால் ஆர்கோனாட் 1, ஏ என்றால் ஆர்கோனாட் 2 என்பதுபோல. ஓரெழுத்து நகர்ந்தால் சரக்கு வேறு வண்டியில் ஏறிவிடும். இலக்கோடு பொருந்துவதும் அப்படித்தான். நெல்லில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. மிர்156 வந்து அமரும் இடம் ஒன்று நெல்லின் ஓஎஸ்எஸ்பிஎல்14 மரபணுவில் உள்ளது. அந்த இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறிய நெல்லை 2010இல் ஒரு சீனக் குழு விவரித்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் பிடி அங்கே தளர்ந்துவிட்டது. விளைவு, தூர் குறைந்தது, தண்டு தடித்தது, கதிரில் மணி கூடியது. ஜப்பானியக் குழு ஒன்றும் அதே ஆண்டு இதே மரபணுவை வந்தடைந்தது. வயலில் நிற்கும் பயிரின் உருவம் இந்த அளவு நுணுக்கமான கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இனி அந்த நூல் பிடிப்பவர்களைப் பற்றி. அவர்களை யாரும் தேடிப் போகவில்லை என்பதே அவர்கள் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செடி நன்றாக இருந்தவரை எவரும் கவனிக்கவில்லை. இலை கோணியபோது, பூ கெட்டபோது, விதை சூம்பியபோது, யாரோ ஒருவர் குனிந்து பார்த்தார்.

வாளான டிசிஎல்1இன் கதையே அப்படித்தான். டேவிட் மைங்க் ஆய்வகம் கருவிலேயே மடியும் அராபிடாப்சிஸ் பிறழ்வுகளைத் திரட்டிக்கொண்டிருந்தது. அவற்றுள் ஒன்றில் கருவைத் தாங்கும் காம்பு அளவுமீறி வளர்ந்தது, அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். இன்னோர் ஆய்வகம் சூலின் உறை குட்டையாகிப்போன செடியை 1992இல் விவரித்தது, அதற்கு வேறு பெயர். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் எலியட் மேயரோவிட்ஸ் குழுவினர் 1999இல் சூலகம் மேல் சூலகமாக உற்பத்தி செய்துகொண்டே போகும் ஒரு பூவைப் பார்த்தார்கள். அதற்குச் 'சூலகத் தொழிற்சாலை' என்று பொருள்படும் பெயர் வந்தது. கரு ஆய்ந்தவர், சூல் ஆய்ந்தவர், பூ ஆய்ந்தவர், மூவரும் தொட்டது ஒரே மரபணுவை. 2002இல் ஷாவர், ஜேக்கப்சென், மைங்க், அனிமேஷ் ரே ஆகிய நால்வர் எழுதிய சிறு கட்டுரை இதைச் சொல்லி எல்லாவற்றுக்கும் பொதுவாக டைசர்-லைக் 1 என்ற பெயரை முன்வைத்தது. அதன் தலைப்பிலேயே யானையைத் தடவிய குருடர்கள் வருகிறார்கள். நம் பக்கத்துப் பழங்கதை ஒரு தாவர மரபியல் கட்டுரைக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதை வேறெங்கும் நான் கண்டதில்லை. அந்தக் கதையில் யானை அமைதியாக நிற்கும். இங்கே யானையைக் காயப்படுத்தித்தான் தடவ முடிந்தது.

எச்ஒய்எல்1இன் வரவு இன்னும் வினோதம். மக்காச்சோளத்தில் இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்கள் உண்டென்று கண்டவர் பார்பரா மக்ளின்டாக். அதற்காக 1983இல் நோபல் பெற்றார். அந்தத் தாவும் மரபணுக்களை மூலக்கூறு அளவில் முதலில் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஃபெடரோஃப். அவருடைய ஆய்வகத்தில் அராபிடாப்சிஸ் செடி ஒன்றில் தாவும் மரபணு ஒன்று போய்க் குந்திய இடம் ஒரு பெயரில்லாத மரபணு. செடி குட்டையானது. தாமதமாகப் பூத்தது. வேர் மெதுவாக வளர்ந்தது, புவியீர்ப்பின் திசையைச் சரியாக உணரவுமில்லை. இலை விளிம்புகள் மேல்நோக்கிச் சுருண்டன. அந்தச் சுருளுக்கான தாவரவியல் சொல்லே மரபணுவின் பெயரும் ஆனது. 2000இல் லூ, ஃபெடரோஃப் இருவரும் வெளியிட்ட கட்டுரை ஹார்மோன்களுக்குச் செடி எப்படி மறுவினை காட்டுகிறது என்பது பற்றிய ஆய்வு. அப்சிசிக் அமிலம், ஆக்சின், சைட்டோகைனின் என்றுதான் பேசுகிறார்கள். இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் புரதம் என்பதும் தெரிந்திருந்தது. எதற்காகப் பிடிக்கிறது என்பதற்கு நான்கு ஆண்டு ஆனது. 2004இல் ஃபெடரோஃப் குழுவும் பிரான்சில் எர்வே வோஷரே குழுவும் தனித்தனியே அதை மைக்ரோ ஆர்.என்.ஏ.வோடு இணைத்தன.

செர்ரேட் எல்லாவற்றுக்கும் மூத்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் மிசூரியில் பணியாற்றிய ஜார்ஜ் ரெடெய், அராபிடாப்சிஸ் உலகத்துக்கே தெரியாத காலத்தில் பிடிவாதமாக அதை வளர்த்துக்கொண்டிருந்தவர். இலை விளிம்பு ரம்பப்பல்லாகிப்போன ஒரு செடி அவருடைய சேகரிப்பில் 1960களிலேயே இருந்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற சொல்லே பிறக்காத நாட்கள் அவை. அந்தச் செடியின் கோளாறு மைக்ரோ ஆர்.என்.ஏ. தயாரிப்பில் என்று தெரிய 2006 ஆனது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த விதைகள் உறைகளில் காத்திருந்தன. இதை வீணான காத்திருப்பு என்று நான் நினைக்கவில்லை. காரணம் தெரியாத கோணல் ஒன்றைத் தூக்கி எறியாமல் பெயரெழுதி வைப்பதும் அறிவியல்தான். உடனே பயன் என்ன என்று கேட்கும் நிதிக் குழுக்களிடம் ரெடெய் என்ன சொல்லியிருப்பார் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

எச்ஒய்எல்1 சிறிய புரதம், 419 அமினோ அமிலங்கள். டிசிஎல்1 அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல், 1,909. எச்ஒய்எல்1இன் முற்பகுதியில் இரட்டை இழையைப் பற்றும் இரண்டு பிடிகள் உள்ளன. அந்த முற்பகுதி மட்டும் இருந்தாலே செடி பெரும்பாலும் நலமாகிவிடுகிறது என்று பிறகு காட்டினார்கள். இந்தப் பிடிகள் எழுத்துகளைப் படிப்பவை அல்ல என்பது கவனிக்க வேண்டிய விஷயம். இரட்டை இழை முறுக்கிக்கொண்டு நிற்கும் வடிவத்தையே அவை தொட்டறிகின்றன. எங்கே காலிரண்டும் ஒட்டியிருக்கின்றன, எங்கே புடைத்திருக்கின்றன என்பதை உருவத்தால் அறியலாம். எழுத்தறியாத ஒன்று, எழுத்துப் பிசகாமல் வெட்ட வழிகாட்டுகிறது. இரண்டு எச்ஒய்எல்1கள் சோடியாகச் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பதற்கும் சான்றுகள் உண்டு. வெட்டியபின் வரும் இரட்டைத் துண்டில் எந்த இழை பயன்பட வேண்டும், எது கழிய வேண்டும் என்ற தெரிவிலும் அதற்குப் பங்கிருக்கிறது.

அது எப்போதும் வேலைக்குத் தயாராக நிற்பதில்லை. பாஸ்பேட் ஒட்டிய எச்ஒய்எல்1 சரிவர இயங்காது. 2012இல் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் டெட்லெஃப் வைகல் ஆய்வகத்தில் பாப்லோ மனவெல்லாவும் மற்றவர்களும் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றும் சிபிஎல்1 என்ற நொதியைக் கண்டுபிடித்தார்கள். அந்த நொதி இல்லாத செடியிலும் வெட்டு தடம் மாறுகிறது. ஆக, நூல் பிடிப்பவருக்கும் ஒரு கைதூக்கிவிடும் ஆள் தேவை. இன்னும் அழகானது இருட்டில் நடப்பது. செடியை நீண்ட நேரம் இருட்டில் வைத்தால் எச்ஒய்எல்1 சிதைக்கப்பட்டுக் குறைகிறது. ஆனால் பாஸ்பேட் ஒட்டிய சில உட்கருவுக்குள் சிதையாமல் தப்பிவிடுகின்றன. வெளிச்சம் வந்ததும் பாஸ்பேட் கழன்று அவை உடனே வேலையில் இறங்குகின்றன, புதிதாகச் செய்து முடிக்கும்வரை செடி காத்திருக்க வேண்டியதில்லை. மனவெல்லாவின் குழு 2018இல் வெளியிட்டது இது. வெளிச்சத்தில் தடையாக இருக்கும் அதே பாஸ்பேட் நீண்ட இருட்டில் காப்பாக மாறிவிடுகிறது.

செர்ரேட் வேறு சுபாவம். எச்ஒய்எல்1ஐப் போல ஒரு வேலையோடு நிற்பதில்லை. செய்தி ஆர்.என்.ஏ.வின் இடைப்பகுதிகளைக் கழித்து ஒட்டும் வேலையிலும் அதற்குக் கை உண்டு. எச்ஒய்எல்1 அறவே இல்லாவிட்டாலும் செடி கோணலாகவேனும் வாழ்ந்து விதைவிடும். செர்ரேட் அறவே இல்லாவிட்டால் கருவிலேயே முடிந்துவிடும். அதன் உடலில் கணிசமான பகுதிக்கு நிலையான வடிவமே கிடையாது. அந்தத் தளர்ச்சியால்தான் அது உட்கருவுக்குள் துளித்துளியாகத் திரள்கிறது என்று 2021இல் காட்டப்பட்டது. டிசிஎல்1, எச்ஒய்எல்1, செர்ரேட் மூன்றும் உட்கருவில் சில உருண்டைகளில் ஒன்றாகக் கூடுவதை 2007இலேயே ஒளிரும் புரதங்கள் மூலம் பார்த்திருந்தார்கள். அந்தக் கூடத்தைக் கட்டுவது வாள் என்றே யாரும் நினைப்பார்கள். கட்டுவது இந்த உருவமற்ற செர்ரேட். ஆனால் அதை நல்லவர் பட்டியலில் சேர்க்குமுன் 2018இன் ஒரு கண்டுபிடிப்பையும் சொல்ல வேண்டும். டெக்சாஸில் ஷியூரென் ஜாங் ஆய்வகத்தார் கண்டது. செர்ரேட் கையைப் பிடித்து சிஎச்ஆர்2 என்ற இன்னொரு புரதத்தையும் ஆர்.என்.ஏ.விடம் கூட்டிவருகிறது. சிஎச்ஆர்2 செய்வது கொண்டை ஊசியின் மடிப்பைக் குலைப்பது. குலைந்த ஊசியில் எச்ஒய்எல்1க்கும் டிசிஎல்1க்கும் பிடிமானம் இல்லை, வெட்டு குறைகிறது. ஒரு கையால் வாளை அழைத்து மறு கையால் மரத்தைக் கலைக்கிறது செர்ரேட். அளவு மிஞ்சாமல் பார்த்துக்கொள்வதும் அதன் பொறுப்புதான்போல.

அளவுக்கட்டுப்பாடு என்றதும் டிசிஎல்1இன் சொந்தக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. மிர்162 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் இலக்கு டிசிஎல்1இன் செய்தி ஆர்.என்.ஏ.வேதான். தான் வெட்டியெடுத்த துண்டு திரும்பி வந்து தன்னையே குறைக்கிறது. போதாதென்று, டிசிஎல்1இன் மரபணுவுக்குள்ளேயே, கழித்துவிடப்படும் இடைப்பகுதி ஒன்றில், இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒளிந்திருக்கிறது. அதை வெட்டியெடுத்தால் டிசிஎல்1 உருவாகும் செய்தியே அறுந்துபோகும்.

வெட்டுக்குப் பின் வரும் புரதங்களும் கோளாறுகளின் வழியாகவே தெரியவந்தவை. வெட்டிய துண்டின் முனையில் மெத்தில் தொகுதி ஒன்றைப் பொருத்தி முத்திரை இடுவது ஹென்1. தாவர ஆய்வாளர் ஷியூமெய் சென் அதையும் பூவின் கோளாறு ஒன்றைத் துரத்திப் போனபோதுதான் கண்டார். 2005இல் அதன் வேலை தெளிவானது. முத்திரை இல்லாவிட்டால் துண்டின் வாலில் யு எழுத்துகள் ஒட்டப்பட்டு அது அழிவுக்குப் போகும். ஆர்கோனாட்டின் பெயரும் ஒரு கோளாற்றிலிருந்தே பிறந்தது. அந்த மரபணு கெட்ட செடியின் குழல்போன்ற இலைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயருடைய ஆக்டோபஸ் ஞாபகம் வந்ததாம்.

துல்லியம் வாளிடம் இல்லை, பிடிப்பவரிடம் இருக்கிறது என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டால் சுகமாக இருக்கும். செடி அதற்கு விடவில்லை. ஜப்பானில் தாகாமி குழுவினர் 2009இல் எச்ஒய்எல்1 இல்லாத செடிகளில் மறுபடி நிமிர்ந்துவிட்ட ஒன்றை விவரித்தார்கள். எச்ஒய்எல்1 திரும்பி வரவில்லை. டிசிஎல்1இல் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது, அவ்வளவே. மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் மறுபடி உருவாயின. அப்படியானால் வாளுக்கே தெரியுமா? மாறியிருந்த இடத்தைப் பார்த்தால், அது வெட்டும் பகுதியிலிருந்து தள்ளி, இழையைப் பற்றி நகர்த்தும் ஹெலிகேஸ் என்ற பகுதி. வாளின் கூர் அப்படியே இருக்க அதன் கைப்பிடிதான் மாறியிருக்கிறது என்று என் வாதத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன். 2012இல் லியு, ஆக்ஸ்டெல், ஃபெடரோஃப் மூவரின் கட்டுரை அதையும் கெடுத்தது. எச்ஒய்எல்1 இல்லாமையை ஈடுகட்டும் மாற்றங்களில் ஹெலிகேஸில் நேர்ந்தவை இருந்தன, வெட்டும் பகுதியிலேயே நேர்ந்ததும் இருந்தது. பிடிப்பது எது, அறுப்பது எது என்று நான் போட்ட கோடு அந்தப் புரதத்தின் உடலுக்குள் ஓடவில்லை. எந்த மாற்றமும் தொடாத சாதாரண அராபிடாப்சிஸ் செடி இன்றும் இரண்டையும் வைத்துக்கொண்டே இலை விரிக்கிறது.